பன்னுக்குள்ள தட்டை வச்சா அது பர்கரா?

போன வாரத்தோடு முடிந்திருக்க வேண்டிய சண்டை இது. முடியவில்லை, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

நாங்கள் நாலு பேர். சேலத்துக்காரன் ஒருத்தன், மார்த்தாண்டத்து அக்கா ஒருவர், அல்சூரிலேயே பிறந்து வளர்ந்து தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிக்கிற ஒருத்தன், அப்புறம் நான். மழைக்கு ஒதுங்கிய ஒரு சாயங்காலம் கோரமங்களாவில் 'பெங்களூரில் நல்ல பர்கர் எது' என்று சும்மா ஆரம்பித்த பேச்சு, ஏழு சனிக்கிழமை, 14 கடை, ஒரு எக்செல் ஷீட் என்று வளர்ந்துவிட்டது. பன்னுக்கு 10, உள்ளே வைக்கிற பேட்டிக்கு, அதாவது வட்டமாகத் தட்டிய கறிக்கு, 10, சாஸுக்கு 5, விலைக்கு 5. இரண்டாவது வாரம் அக்கா புதிதாக ஒரு கட்டம் சேர்த்தார்: 'கடைசிக் கடி', அதற்கும் 10.

காரணம் எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் ஒரு கடை, பெயர் வேண்டாம். ஒரு சாண் உயரத்துக்கு அடுக்கி, சரியாமல் இருக்க நடுவில் குச்சி குத்திக் கொண்டுவந்து வைத்தார்கள். குச்சியை உருவியதும் அன்னாசித் துண்டு ஒரு பக்கம் போனது, பேட்டி இன்னொரு பக்கம் போனது, மயோனைஸ் என் சட்டைக்கு வந்தது. அடிப்பன் டீயில் முக்கிய ரொட்டி மாதிரி பிய்ந்தது. 420 ரூபாய். கையில் பிடித்துத் தின்னத்தானே பன் வைக்கிறார்கள், முள்கரண்டியால் தின்ன வேண்டுமென்றால் பன் எதற்கு? முதல் கடி எல்லாக் கடையிலும் நன்றாகத்தான் இருக்கிறது, பாதிக்கு மேல்தான் குட்டு வெளிப்படுகிறது. வெட்டின பக்கத்தைக் கல்லில் வெண்ணெய் போட்டு வாட்டினால் பொறுக்கு மாதிரி ஒன்று உருவாகி, சாறு சட்டென்று உள்ளே இறங்காமல் தடுக்கும். அவ்வளவு சின்ன வேலை. அன்றிலிருந்து அக்கா எந்தக் கடைக்குப் போனாலும் ஆர்டர் சொல்வதற்கு முன் "அடிப்பன்ன கல்லுல போடுவீங்களா?" என்று கேட்கிறார், நாங்கள் மூன்று பேரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்போம்.

பேட்டி விஷயத்தில் நாங்கள் கற்றுக்கொண்டது நிறைய. ஸ்மாஷ் பர்கர் என்று இப்போது தெருவுக்கு ஒன்று முளைத்திருக்கிறதே, அதில் தந்திரம் ஒன்றுதான்: கொத்துக்கறி உருண்டையை நன்றாகக் காய்ந்த இரும்புக் கல்லில் போட்டு, போட்ட உடனே ஒரே அழுத்து. கல்லைத் தொடும் பரப்பு கூடுவதால் ஓரமெல்லாம் பழுப்பேறி முறுகும், அந்த வாசனைக்குத்தான் காசு. மெயார்ட் வினை என்று வேதியியலில் சொல்வார்கள், நம் தோசை சிவப்பதும் அதே சங்கதிதான். கறியில் ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு வேண்டும் என்பது பர்கர் போடுகிறவர்கள் கணக்கு. இந்த நாட்டில் பீஃப் என்று வருவது பெரும்பாலும் எருமைக் கறி, கொழுப்பு கம்மி, தனியாகச் சேர்க்காவிட்டால் ரப்பர்தான். சிக்கனில் நெஞ்சுக்கறியை அரைத்து வைத்த கடைகள் எல்லாம் தவிடு, தொடைக்கறியை முழுசாகப் பொரித்து வைத்தவர்கள் தப்பித்தார்கள்.

டிரஃபிள்ஸ் என்கிற கடையைச் சொல்லாமல் விட்டால் பெங்களூர்க்காரர்கள் உதைப்பார்கள். செயின்ட் மார்க்ஸ் ரோடு கடையில் பெயர் எழுதிக்கொடுத்துவிட்டு வாசலில் நிற்பது எங்களுக்குக் கல்லூரிக் காலத்துச் சடங்கு. ஆல் அமெரிக்கன் சீஸ் பர்கர், கடைசி வாய் வரை கையில் நின்றது, 40க்கு 33. முதலிடம் இந்திராநகரில் ஒரே ஒரு கல் வைத்து ஓர் அண்ணன் நடத்துகிற கடை, 35. பெயரைச் சொன்னால் அங்கேயும் வரிசை வந்துவிடும், சொல்ல மாட்டேன்.

இப்போது சண்டைக்கு வருகிறேன். ஆறாவது வாரம் அல்சூரான், "மச்சா, இத தின்னுட்டு அப்புறம் பேசு" என்று வி.வி.புரம் பக்கம் கூட்டிப்போய் பன் நிப்பட்டு வாங்கிக் கொடுத்தான். நிப்பட்டு என்றால் நம் தட்டை. பன் ஐயங்கார் பேக்கரி பன். ஹாசன் பக்கத்திலிருந்து வந்த ஐயங்கார்கள், வீட்டில் கன்னடம் கலந்த ஹெப்பார் தமிழ் பேசுகிறவர்கள், முட்டை சேர்க்காமல் கேக்கும் பன்னும் போட்டு இந்த ஊரையே வளைத்துப் போட்டார்கள். கடைக்காரர் பன்னைக் குறுக்கே கீறி, வெண்ணெயில் வாட்டி, பச்சை சட்னி தடவி, தட்டையை வைத்து உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினார். நாலாக உடைந்தது. மேலே வெங்காயம், தக்காளி, துருவிய கேரட், ஒரு பிடி காங்கிரஸ் கடலை. அது காரம் போட்டுப் பிரட்டின நிலக்கடலைப் பருப்பு. 1969-இல் காங்கிரஸ் கட்சி இரண்டாக உடைந்தபோது, இதுவும் இரண்டாக உடைத்த கடலைதானே என்று வைத்த பெயர் என ஊரில் ஒரு கதை உண்டு.

சேலத்தான் கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். "டேய், இது எங்க ஊரு தட்டுவடை செட்டுடா. ரெண்டு தட்டைக்கு நடுவுல பீட்ரூட்டு, கேரட்டு, வெங்காயம், சட்னி. இங்க பன்னுக்குள்ள போயிருக்கு, அவ்ளோதான்."

மார்க் போட்டோம். பன் 8, உள்ளே 7, சட்னி 4, விலை 5, கடைசிக் கடி 9. கூட்டினால் 33. டிரஃபிள்ஸும் 33!

அக்கா ஒத்துக்கொள்ளவே இல்லை. "பேட்டி இல்லாம என்ன பர்கரு? தட்டை நொறுக்குத்தீனிடா." சேலத்தான் விடுவானா? 1996-இல் டெல்லி வசந்த் விஹாரில் மெக்டொனால்ட்ஸ் முதல் கடை திறந்தபோதே மாட்டுக்கறி கிடையாது, அப்புறம் உருளைக்கிழங்கு டிக்கியை வைத்து ஊர் முழுக்க விற்றார்கள், அதை வாயை மூடிக்கொண்டு பர்கர் என்றுதானே தின்றீர்கள், டிக்கி ஆகும் என்றால் தட்டை ஏன் ஆகாது என்கிறான். பதில் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நான் அக்கா பக்கம். விலைக்குக் கொடுத்த 5 மார்க்தான் தட்டையைத் தூக்கிவிட்டது, அதைக் கழித்தால் 28, டிரஃபிள்ஸ் 30. இதைச் சொன்னதும் அல்சூரான், "அப்போ ஏன் ரெண்டாவது வாங்கித் தின்ன?" என்றான். பசி, வேறென்ன.

அன்று ராத்திரியே சேலத்தான் ஷீட்டின் தலைப்பை 'பர்கர்' என்பதிலிருந்து 'பன்' என்று மாற்றிவிட்டான். அக்கா அதைத் திரும்ப மாற்றிப் பூட்டிவிட்டார். இந்தச் சனிக்கிழமை அவன் ஊரிலிருந்து ஒரு பாக்கெட் தட்டை கொண்டுவருகிறான். இந்திராநகர் அண்ணனிடம் கொடுத்து, பேட்டிக்கு அடியில் ஒன்று வைத்துத் தரச் சொல்லப் போகிறானாம். அவர் விரட்டாமல் இருந்தால் சரி.