காகிதப் பைக்குள் ஒரு கை

"அவன் கையையாவது கொஞ்ச நேரம் பிடிச்சுக்கட்டுமா?" என்று அந்த அம்மா கேட்டார். பதில் எனக்குத் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை.

மகனுக்குப் பத்தொன்பது வயது. சிகாகோவின் தெற்குப் பகுதி, ஜூலை மாதம், சனிக்கிழமை இரவு. குண்டடிபட்டு, குடும்பங்களுக்குத் துணையாக நான் வேலை பார்க்கும் மருத்துவமனைக்கு வந்த நாற்பதாவது நிமிடம் உயிர் போய்விட்டது. இரண்டு கைகளிலும் பழுப்புக் காகிதப் பையை மாட்டி, மணிக்கட்டில் டேப் ஒட்டியிருந்தார்கள். வாயில் செருகிய குழாய்கூட அப்படியே இருந்தது.

எதையும் எடுக்கக் கூடாது. சுட்டுக் கொல்லப்பட்டவரின் உடல் வழக்குக்கான தடயம். விரல்களில் வெடிமருந்துத் துகள் ஒட்டியிருக்கலாம், நகத்தடியில் வேறொருவரின் தோல் இருக்கலாம். அதற்குத்தான் பை. பிளாஸ்டிக்கில் ஈரம் கட்டும் என்பதால் காகிதம். பிரேதப் பரிசோதனை முடிகிறவரை உடல் கவுன்டி, அதாவது மாவட்ட, மருத்துவப் பரிசோதகரின் பொறுப்பு. உடுப்பும் போனும் போலீஸோடு போய்விடும். எல்லாவற்றுக்கும் நியாயம் இருக்கிறது. ஆனால் பெற்றவளிடம் போய் அதை எப்படிச் சொல்வது? என் பாட்டி இறந்தபோது, கால் விரல்களைக் கட்டி முடிக்கும்வரை அம்மா பாட்டியின் கையை விடவே இல்லை. எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

வாசலில் நின்ற போலீஸ்காரரிடம் கேட்டேன். யோசித்துவிட்டு, "நெற்றியைத் தொடட்டும், நான் பக்கத்தில் நிற்கிறேன்" என்றார். அந்த அம்மா உள்ளங்கையை மகனின் நெற்றியில் வைத்தார், காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பது போல. ரொம்ப நேரம் கையை எடுக்கவே இல்லை.

அன்றிலிருந்து, யாரையும் அந்த அறைக்குள் கூட்டிப் போகும் முன்பே சொல்லிவிடுகிறேன்: வாயில் குழாய் இருக்கும், கையில் பை இருக்கும், எங்கே தொடலாம் என்று நான் காட்டுகிறேன். இன்னொன்று, "இறந்துட்டார்" என்ற வார்த்தையைத்தான் சொல்வேன். "எங்களால் முடிந்ததைச் செய்தோம்" என்று சுற்றி வளைத்தால், "சரி, எந்த வார்டில் இருக்கிறான்?" என்று கேட்கிறார்கள். கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சுட்டவர்கள் தேடி வந்துவிடுவார்களோ என்று, குண்டடிபட்டவர்களை வேறு பெயரில் பதிவு செய்யும் வழக்கம் பல மருத்துவமனைகளில் உண்டு. முன்பு நான் வேலை பார்த்த ஓரிடத்தில், ஒரு அப்பா இரண்டு முறை போன் செய்தும் மகனின் பெயரில் யாரும் இல்லை என்றே சொல்லிவிட்டார்கள். பையன் அதே கட்டடத்தில்தான் இருந்தான். அவர் வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

அப்புறம் காகித வேலை. 1984-இல் வந்த சட்டத்தின்படி, குற்றவாளிகள் கட்டும் அபராதத்திலிருந்து பாதிக்கப்பட்டவர்களுக்கான நிதி ஒன்று இருக்கிறது. அதன் உதவியோடு மாநிலங்கள் அடக்கச் செலவு கொடுக்கின்றன. ஆனால் பணம் வர மாதக்கணக்காகும், அடக்கம் செய்பவர்களோ இந்த வாரமே கேட்பார்கள். அதைவிட வலிப்பது, இறந்தவரின் நடத்தையும் இதற்குக் காரணமா என்று அதிகாரிகள் பார்ப்பது. "என் பிள்ளை செத்ததுக்கு அவனே காரணமான்னு கேக்கறாங்களா?" என்றார் ஒருவர். எந்தக் குடும்பத்தையும் அந்தப் படிவத்தோடு தனியாக விடுவதில்லை என்று அன்று முடிவு செய்தேன்.

2013 ஜனவரியில் ஹதியா பென்டில்டன் என்ற பதினைந்து வயதுப் பெண் இதே ஊரில் ஒரு பூங்காவில் சுடப்பட்டு இறந்தாள். அதிபர் ஒபாமாவின் பதவியேற்பு விழாவில் தன் பள்ளி இசைக்குழுவோடு கலந்துகொண்டு ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. தங்களை யாரும் தவறிச் சுட்டுவிடக் கூடாது என்று வேட்டைக்காரர்கள் ஆரஞ்சு உடுத்துவார்கள். தோழிகள் அவள் நினைவாக அந்த நிறத்தையே எடுத்துக்கொண்டார்கள். அவள் பிறந்தநாள் ஜூன் 2. அதையொட்டி ஜூன் மாதத் தொடக்கத்தில் நாடு முழுக்க ஆரஞ்சு உடுத்துகிறார்கள், நானும்தான். ஆனால் என்னிடம் வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோருக்குச் செய்தியில் கிடைப்பது "19 வயது ஆண்" என்ற இரண்டு வரிதான். அதனால் வீட்டில் அவரை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன்.

2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். பாதிக்கு மேல் தற்கொலை. கொலையானவர்களுக்கு எரிவது போல அந்தக் குடும்பங்களுக்குத் தெருமுனையில் மெழுகுவத்தி எரிவதில்லை, படம் அச்சிட்ட டீசர்ட் போட்டுக்கொண்டு யாரும் வருவதில்லை. அவர்களையும் நான் தேடிப் போகத்தான் வேண்டும்.

குடும்பங்களுக்குக் கொடுக்கும் பட்டியலில் "போன் இணைப்பை ரத்து செய்யவும்" என்று ஒரு வரி இருந்தது. அடித்துவிட்டேன். அந்த அம்மா மாதாமாதம் மகனின் போனுக்குப் பணம் கட்டுகிறார். அழைத்தால் வாய்ஸ்மெயிலில் அவன் குரல் வரும்.

சுட்டது யார் என்று இன்னும் தெரியவில்லை. என் டைரியில் அவன் இறந்த தேதியும் பிறந்த தேதியும் இருக்கின்றன. போன மாதம் பிறந்தநாளன்று கூப்பிட்டேன். பீச் பழம் போட்ட கேக் செய்திருப்பதாகச் சொன்னார், ஓரம் கருகினால்தான் அவனுக்குப் பிடிக்குமாம். இந்த முறை வேண்டுமென்றே கொஞ்சம் கருகவிட்டாராம். அரை மணி நேரம் பேசினார். நான் "ம்" கொட்டிக்கொண்டிருந்தேன்.