41ஆம் பக்கமும் 112ஆம் பக்கமும்

“உங்க இஷ்டப்படி செய்யுங்க தம்பி.” அவர் சொன்னது இதைத்தான். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது நான். வேறு எப்படி எடுத்துக்கொண்டிருக்க முடியும் என்று சில நாள் தோன்றுகிறது. சில நாள், அன்றைக்கு எனக்குக் காது அடைத்திருந்தது என்று தோன்றுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சனின் கவிதைகளும் கடிதங்களும் சேர்ந்த தமிழ்த் தொகுப்பு அது. மொழிபெயர்த்தவர் ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியை. எடிட்டர் நான். புத்தகக் கண்காட்சிக்கு இன்னும் மூன்று வாரம். டிசம்பரில் பதிப்பகம் எப்படி இருக்கும் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பிரதியைத் திறந்ததும் கண்ணை உறுத்தியது டேஷ். வரிக்கு இரண்டு, மூன்று. சில கவிதைகளில் கடைசி வரி முடிந்த பிறகும் ஒரு டேஷ், எங்கேயும் போய்ச் சேராமல், அறுந்த கம்பி மாதிரி. எமிலி அப்படித்தான் எழுதினார் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் தமிழில் நமக்கு டேஷ் என்றால் யாரோ பேச ஆரம்பிக்கிறார்கள், அல்லது கம்போஸ் செய்தவர் எதையோ விட்டுவிட்டார். அதுவும் ஆங்கிலத்தில் அந்தக் கோடு விழுகிற இடம் ஒன்று. வினை கடைசியில் வருகிற நம் வாக்கியத்தில் அது விழ வேண்டிய இடம் வேறு. லே-அவுட்டில் வரி மடங்கியபோது பல டேஷ்கள் அடுத்த வரியின் தலையில் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டன.

இரண்டு ராத்திரி உட்கார்ந்து எடுத்தேன். கமா, முற்றுப்புள்ளி, சில இடத்தில் மூன்று புள்ளி. சந்தேகம் வந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு கவிதையையும் வாய்விட்டுப் படித்துத்தான் மாற்றினேன். அது என் தரப்பு. (ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் போட்டிருந்தால் பழியைக் கம்ப்யூட்டர் மேல் போட்டிருக்கலாம்.) பிடிஎஃப்பை அவருக்கு அனுப்பிவிட்டு, அவர் கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். மறுநாள் மத்தியானம் கூப்பிட்டார்.

கோபப்படவில்லை. “ரொம்பச் சரளமா இருக்கு தம்பி” என்றார். அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, “அவ எந்த இடத்துல மூச்சு விட்டான்னு எனக்குக் கடைசி வரைக்கும் பிடிபடல. அதனாலதான் கோட்டை அப்படியே விட்டுட்டேன். உங்களுக்குப் பிடிபட்டிருக்கு போல” என்றார். நான் தமிழ் வாசகன், வரி மடிப்பு, பிரஸ் தேதி என்று வரிசையாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். “நாப்பத்தொண்ணாம் பக்கத்தையும் நூத்திப் பன்னெண்டாம் பக்கத்தையும் மட்டும் ஒரு தடவை சேர்த்து வச்சுப் பாருங்க. மத்தபடி உங்க இஷ்டப்படி செய்யுங்க தம்பி.”

“பார்க்கிறேன் மேடம்” என்றேன். பார்க்கவில்லை. அன்று சாயங்காலம் ஃபைல் பிரஸ்ஸுக்குப் போனது.

பைண்டிங் முடிந்து முதல் கட்டு வந்த அன்றைக்குத்தான், ஒரு பிரதியை எடுத்து இரண்டு விரலையும் இரண்டு பக்கத்தில் நுழைத்துப் பார்த்தேன். 41இல் அந்தப் பாம்புக் கவிதை. புல்லுக்குள் போகும் ஒல்லியான ஆசாமி. பாம்பு என்ற சொல்லே கவிதையில் வராது. அவருடைய பிரதியில் மூன்றாவது, நான்காவது வரிகள் இப்படி இருந்தன:

பார்த்திருப்பீர்கள் — இல்லையா
சட்டென்றுதான் அவன் தென்படுவான் —

நான் ‘இல்லையா’வுக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தேன். யாராக இருந்தாலும் போட்டிருப்பார்கள். குறி இல்லாவிட்டால் அந்த ‘இல்லையா’ முன்னால் இருப்பதோடும் சேரும், பின்னால் வருவதோடும் சேரும். பார்த்திருக்காவிட்டாலும் பரவாயில்லை, அவன் திடீரென்றுதான் வருவான் என்றும் படிக்கலாம். வரியிலிருந்து வரிக்கு வழுக்கிக்கொண்டு போகிற பாம்பை நான் ஒரு கொக்கியில் மாட்டித் தொங்கவிட்டிருந்தேன்.

112இல் ஒரு கடிதம். 1866இல் ‘ஸ்பிரிங்ஃபீல்ட் ரிபப்ளிகன்’ பத்திரிகை இதே கவிதையைப் பெயர் போடாமல், ‘பாம்பு’ என்று தலைப்புக் கொடுத்து வெளியிட்டது. பார்த்துவிட்டு எமிலி தன் இலக்கிய நண்பர் ஹிக்கின்சனுக்கு எழுதுகிறார்: என் பாம்பை எங்காவது சந்தித்து, நான் உங்களை ஏமாற்றியதாக நினைத்துவிடாதீர்கள், அது என்னிடமிருந்து திருடப்பட்டது, மூன்றாவது வரியை நிறுத்தற்குறி தோற்கடித்துவிட்டது, மூன்றாவதும் நான்காவதும் ஒன்று. அதாவது என் புத்தகத்திலேயே, 41இல் குற்றம் நடக்கிறது, 112இல் புகார் இருக்கிறது. நடுவில் 70 பக்கம். இந்தக் கடிதத்துக்கு மெய்ப்புப் பார்த்தவனும் நான்தான்.

அவர் ஏன் நேராகச் சொல்லவில்லை? “தம்பி, அந்தக் கேள்விக்குறியை எடுங்க” என்றால் ஒரு நிமிஷ வேலை. இதை நினைத்து அவர் மேல் எனக்குக் கோபம்கூட வந்திருக்கிறது. ஆனால் அவர் இருபது வருஷமாக யாருடைய கடிதங்களோடு குடித்தனம் நடத்தினார் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

1862 ஏப்ரல் 15 அன்று எமிலி ஹிக்கின்சனுக்கு முதல் கடிதம் எழுதினார். என் கவிதைக்கு உயிர் இருக்கிறதா என்று சொல்ல உங்களுக்கு நேரம் இருக்குமா என்று கேட்டு, கூடவே நான்கு கவிதைகள். கடிதத்தில் கையெழுத்து இல்லை. பெயரை ஒரு அட்டையில் எழுதி, அதைத் தனியாக ஒரு சின்ன உறைக்குள் வைத்திருந்தார். ஹிக்கின்சன் அந்த வருஷம் எழுதிய பதில்கள் நம் கையில் இல்லை. அவர் என்ன சொன்னார் என்பதை எமிலியின் மறுகடிதத்திலிருந்துதான் தெரிந்துகொள்கிறோம். “அறுவைச் சிகிச்சைக்கு நன்றி, நான் நினைத்த அளவுக்கு வலிக்கவில்லை” என்கிறார். நடை வலிப்பு வந்த மாதிரி இருக்கிறது என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். “நான் ஆபத்தில் இருக்கிறேன் ஐயா” என்று பதில். இப்போதைக்கு வெளியிட வேண்டாம் என்றாராம். அதைக் கேட்டுப் புன்னகைக்கிறேன், அது மீன் துடுப்புக்கு வானம் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம் என் நினைப்புக்கு, என்கிறார். ‘உங்கள் மாணவி’ என்று கையெழுத்துப் போடுகிறார். சொன்ன திருத்தம் ஒன்றையும் செய்யவில்லை. இந்த மரியாதைக்கு என்ன அர்த்தம் என்று விளக்கி முன்னுரையில் ஒரு பத்தி எழுதினேன், நானே. எழுதிய அதே வாரத்தில்தான் அந்தப் போன் வந்தது.

ஹிக்கின்சனைத் திட்டுவது சுலபம். அவர் அடிமை ஒழிப்புக்காக நின்றவர். உள்நாட்டுப் போரில் கறுப்பின வீரர்களின் படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கியவர். தெரியாத பெண்ணின் கடிதத்துக்கு உட்கார்ந்து பதில் எழுதினார், 1870இல் எமிலியின் ஊரான ஆம்ஹெர்ஸ்டுக்கே போய்ப் பார்த்தார். எமிலி இரண்டு லில்லிப் பூவைக் கையில் கொடுத்து, இதுதான் என் அறிமுகம் என்றாராம். 1886இல் எமிலி இறந்த பிறகு, தங்கை லவினியா பெட்டியைத் திறந்தால் கையால் தைத்த சின்னச் சின்னக் கட்டுகள், 40. மற்ற தாள்களையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 1,800 கவிதைகள். உயிரோடு இருந்தபோது அச்சில் வந்தது பத்து. மேபல் லூமிஸ் டாட் என்ற, எமிலியின் முகத்தை நேரில் பார்த்துப் பேசியிராத பெண்மணி அவற்றைப் பிரதியெடுத்தார். அவரும் ஹிக்கின்சனும் சேர்ந்து 1890இல் முதல் தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். தலைப்புகள் சேர்த்தார்கள். டேஷ்களை எடுத்தார்கள். ‘மரணத்துக்காக நான் நிற்க முடியாததால்’ என்று தொடங்கும் கவிதையில் ஒரு பத்தியையே விட்டுவிட்டார்கள். புல்லைப் பற்றிய கவிதை “நான் ஒரு வைக்கோலாக இருந்தால்” என்று முடியும். ‘ஒரு வைக்கோல்’ என்று யாரும் சொல்லமாட்டார்கள் என்று ஹிக்கின்சன் அதைத் திருத்தினார். என் பிரதியில் அந்த ‘ஒரு’வை நானும் அடித்திருந்தேன், அதே காரணத்துக்காக.

புத்தகம் இரண்டு வருஷத்துக்குள் பதினோரு முறை அச்சேறியது. இதுவும் என் தரப்புதான். கோடுகளோடு அப்படியே போட்டிருந்தால் 1890இல் யார் வாங்கியிருப்பார்கள்? அதே காலத்தில் இங்கே உ.வே.சா. என்ன செய்துகொண்டிருந்தார்? சிந்தாமணி 1887, சிலப்பதிகாரம் 1892. ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளிகூடக் கிடையாது. சீர் பிரித்து, குறி போட்டு அவர் கொடுத்திராவிட்டால் நாம் எதைப் படித்திருப்போம்?

இந்த வாதத்தில் ஒரு ஓட்டை இருப்பது எனக்குத் தெரியும். ஏட்டில் இல்லாததை அவர் சேர்த்தார். நான், தாளில் இருந்ததை எடுத்தேன்.

அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தேன். எமிலியின் சில கடிதங்களில் அண்ணி சூசனின் பெயரைச் சுரண்டியே எடுத்திருக்கிறார்கள். சில இடத்தில் கத்தரித்திருக்கிறார்கள். (அந்தக் குடும்பக் கதைக்குள் போனால் திரும்பி வர முடியாது.) அதோடு ஒப்பிட்டால் நான் எடுத்தது வெறும் கோடு. அந்தக் கோட்டைத் திருப்பி வைத்ததாகச் சொல்கிற பதிப்புகளும் ஒன்றுபோல் இல்லை. 1955இல் தாமஸ் ஜான்சன் நீளமான டேஷ் போட்டார். 1998இல் ஃபிராங்க்ளின் அதைக் குட்டையாக்கினார். கையெழுத்தில் பார்த்தால் சிலது மேலே ஏறுகிறது, சிலது கீழே சரிகிறது, சிலது புள்ளி கொஞ்சம் இழுபட்ட மாதிரி. எதை டேஷ் என்பது என்று தீர்மானிப்பதும் எடிட்டர் வேலைதான். இப்படி எல்லாம் யோசித்தால் மனசு லேசாகும், ஒரு மணி நேரத்துக்கு.

முதல் பதிப்பு விற்றுத் தீர்ந்தது. மதிப்புரை எழுதிய ஒருவர் “தமிழிலேயே எழுதியது போன்ற சரளம்” என்று பாராட்டியிருந்தார். பேராசிரியை போனில் சொன்ன அதே சொல்.

இப்போது இரண்டாம் பதிப்பு. பழைய மெயிலைத் தோண்டி அவருடைய முதல் பிரதியை எடுத்து, எல்லா டேஷையும் திரும்ப வைத்தேன். ‘ஒரு’ வைக்கோலும் வந்துவிட்டது. பிரிண்ட் எடுத்து, நான் முன்பு போட்டிருந்த குறிகளையும் ஓரத்தில் சிவப்பில் காட்டி, அவருக்குத் தபாலில் அனுப்பினேன். இந்தத் தடவை எதுவும் என் இஷ்டம் இல்லை என்று ஒரு குறிப்பும் வைத்தேன். பத்து நாளில் திரும்பி வந்தது. 41ஆம் பக்கத்தில் பென்சில் படவே இல்லை. ஆனால் வேறு பதினோரு இடத்தில் டேஷை அடித்து, என் பழைய கமாவை வட்டம் போட்டு, பக்கத்தில் ‘இது இருக்கட்டும்’ என்று எழுதியிருந்தார்.

பதினொன்றையும் மாற்றி மாற்றிப் படித்தேன். நான்கைந்து இடத்தில் கமா நன்றாகத்தான் இருக்கிறது. மற்ற இடங்களில் எனக்கே சமாதானம் இல்லை. போன் செய்தேன்.

“அதுவா? நல்லா இருந்துச்சு தம்பி. எனக்குத் தோணவே இல்லை பாருங்க.”

“நிஜமாத்தான் சொல்றீங்களா மேடம்?”

சிரித்தார். பையனுக்கு எந்தக் காலேஜில் இடம் கிடைத்தது என்று கேட்டார்.