இசைத்தட்டுப் பட்டியலுக்குப் பெயரடைவு தயாரித்த அனுபவம்

மும்பை மாட்டுங்காவில் எங்கள் தமிழ்ச் சங்க நூலகத்துக்கு, மறைந்த ஒரு பெரியவரின் இசைத்தட்டுச் சேகரிப்பை அவருடைய குடும்பத்தார் முழுவதுமாக அன்பளித்தனர். அதற்கு அச்சில் ஒரு பட்டியலும், பட்டியலின் இறுதியில் கலைஞர் பெயரடைவும் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. சண்முகானந்தா அரங்கில் கச்சேரி கேட்பதிலும், 2016இல் மூடப்பட்ட காலா கோடா ரிதம் ஹவுஸில் மேற்கத்திய சிம்பொனிகளைத் தேடி வாங்குவதிலும் அவருக்கு ஒரே அளவு ஆர்வம் இருந்திருக்கிறது. சங்கத்தின் இளைய உறுப்பினர் பலருக்குத் தமிழ் பேச வருமே தவிர வாசிக்க வராது என்பதால், பட்டியல் ஆங்கில எழுத்தில்தான் அமைய வேண்டும் என்று முடிவாயிற்று. தமிழில் எழுதியிருந்தால் எழவே எழாத பெரிய எழுத்து, சிறிய எழுத்துச் சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

எல்பி இசைத்தட்டுகளின் உறைகளைப் பார்த்து எழுதிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: உறைகளிலும் தட்டின் நடுவிலுள்ள லேபிளிலும் பெரும்பாலும் பெயர் முழுவதும் பெரிய எழுத்திலேயே அச்சாகியிருக்கும். எக்செலில் அவற்றைச் சரிசெய்யும் ‘ப்ராப்பர்’ என்ற கட்டளையோ ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தையும் பெரிதாக்கி, ஏனையவற்றைச் சிறிதாக்கிவிடும். லுட்விக் வான் பீத்தோவனின் பெயரில் சிறிய எழுத்தில் நிற்க வேண்டிய ‘வான்’ அதில் பெரிய எழுத்துப் பெறும். அமெரிக்க இசையமைப்பாளர் எட்வர்ட் மெக்டவலின் பெயரில் நடுவே நிற்க வேண்டிய பெரிய ‘டி’ சிறியதாகும். ஆகவே கட்டளையைக் கைவிட்டு, ஒவ்வொரு கலைஞருக்கும் இரண்டு பத்திகள் வைத்தேன். ஒன்று வாசகர் காணும் பெயர். மற்றது அகரவரிசைக்கு மட்டும் பயன்படும் பெயர். அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் இணையத்தில் வைத்திருக்கும் பெயர்ப் பட்டியலோடு ஒவ்வொன்றையும் ஒப்பிட்டேன்.

ஒப்பிடும்போது தெளிவானது இதுதான்: குடும்பப்பெயருக்கு முன் நிற்கும் ‘வான்’ போன்ற முன்னொட்டைப் பார்த்து விதி சொல்ல முடியாது, அந்த மனிதர் எந்த நாட்டு வழக்கில் வாழ்ந்தார் என்று பார்த்தே சொல்ல முடியும். நெதர்லாந்தில் இயற்பெயரோடு சேர்ந்து வரும்போது ‘வான்’ சிறிய எழுத்தில் தொடங்கும். குடும்பப்பெயர் மட்டும் தனியே வந்தால் பெரிய எழுத்தாகும். வரிசையிலோ முன்னொட்டை விட்டுவிட்டு அடுத்த சொல்லைக் கொள்வார்கள். அதனால் இசை நடத்துநர் யாப் வான் ஸ்வேடன், ஸ்வேடனின் முதலெழுத்தான இசட்டின் கீழ் வருகிறார். பெல்ஜியத்தாருக்கு முன்னொட்டிலேயே வரிசை தொடங்கும். ஆம்ஸ்டர்டாமில் பிறந்தாலும் அமெரிக்கராகவே அறியப்பட்ட ராக் கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலனுக்குப் பெரிய எழுத்து ‘வான்’, இடம் வி-யின் கீழ். 1958இல் மாஸ்கோவின் சைகோவ்ஸ்கி போட்டியில் வென்ற பியானோ கலைஞர் வான் கிளைபர்னையும் பாடகர் வான் மாரிசனையும் அதே வி-யில் சேர்த்துவிடத் தோன்றும். ஆனால் இவர்களுக்கு ‘வான்’ என்பது முன்னொட்டே அன்று, லவான், ஐவன் என்ற இயற்பெயர்களின் சுருக்கம். ஒருவர் சி-க்கும் மற்றவர் எம்-முக்கும் போனார்கள்.

பீத்தோவன் பி-யின் கீழ்தான் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் அவருடைய ‘வான்’ வியன்னாவில் வழக்கு மன்றம் வரை போயிருக்கிறது. தம்பி மகனின் பாதுகாப்பு உரிமை குறித்த வழக்கு பிரபுக்களுக்கான நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தபோது, அவர் பிரபுக் குலத்தவர் அல்லர் என்பது 1818இல் வெளிப்பட்டு, வழக்கு நகர நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. பிரபுக் குலத்துக்குரியது ‘வான்’ அன்று, ஜெர்மன் வழக்கின் ‘வோன்’. அதையும் ஆஸ்திரியா 1919இல் சட்டத்தால் ஒழித்துவிட்டது. இசை நடத்துநர் கராயன் அதை மேடைப் பெயரில் வைத்துக்கொண்டார், இசையமைப்பாளர் வெபெர்ன் வைத்துக்கொள்ளவில்லை. பட்டியலிலும் அப்படியே கராயனுக்கு வைத்து, வெபெர்னுக்கு நீக்கினேன்.

எழுத்துக்கூட்டலிலும் கலைஞரின் சொந்த வழக்கையே பின்பற்றினேன். 1727இல் பிரிட்டிஷ் குடிமகனான இசையமைப்பாளர் ஹாண்டல், ஜெர்மன் ‘ஏ’யின் மேலிருந்த இரட்டைப் புள்ளியை விட்டுவிட்டார். அமெரிக்கா சென்ற இசையமைப்பாளர் ஷோன்பெர்க் தம் பெயரின் ‘ஓ’ மேலிருந்த புள்ளிக்குப் பதிலாக ஓர் ‘ஈ’யைச் சேர்த்துக்கொண்டார். ரக்மனினாஃப் மேற்குலகில் இரட்டை எஃப் இட்டே கையெழுத்திட்டார், ஆதலால் உறைகள் சில வி என்று முடித்திருந்தாலும் எஃப்தான் நின்றது. பிரெஞ்சு, ஸ்பானிய முன்னொட்டுகள் அதிகத் தொல்லை தரவில்லை: வின்சென்ட் டாண்டி, முன்னொட்டான ‘டி’யை விட்டு, ஐ-யில், மனுவெல் டி ஃபாயா எஃப்-இல். ஆங்கிலேய செல்லோ கலைஞர் ஜாக்குலின் டு ப்ரே மட்டும் சிறிய எழுத்து ‘டு’வோடு டி-யின் கீழ் வந்தார்.

உண்மையான வேலை நம்மவர் பெயர்களில்தான் இருந்தது. நூலக விதிப்படி எம்.எஸ். சுப்புலட்சுமியை எஸ்-இல் வைத்து, முதலெழுத்துகளைப் பின்னால் போட்டிருந்தேன். தட்டுகளை அளித்த பெரியவரின் மனைவி அதைப் பார்த்துவிட்டு, “எம்.எஸ்.ஸை எஸ்-ல யாராவது தேடுவாளாப்பா?” என்று கேட்டார். “எம்-லயும் ஒரு வரி போட்டு இங்கே அனுப்பிடறேன் மாமி” என்றேன். அதன்பின் எம்.எல்.வி. (எம்.எல். வசந்தகுமாரி), ஜி.என்.பி. (ஜி.என். பாலசுப்பிரமணியம்) எல்லாருக்கும் ‘காண்க’ வரி சேர்ந்தது. செம்மங்குடியையும் அரியக்குடியையும் விதி எதுவாயினும் ஊர்ப்பெயரிலேயே வைத்தேன், ரசிகர்கள் அவர்களை ஐயர், ஐயங்கார் என்று தேடப் போவதில்லை. பாலக்காடு என்று ஊர் எழுதப்பட்டாலும், மிருதங்க வித்வான் மணி ஐயருக்கு ஆங்கிலத்தில் பழைய ‘பால்காட்’ கூட்டலே நிலைத்தது. டி.ஆர். மகாலிங்கம் என்று இருவர் இருந்தார்கள். புல்லாங்குழல் மாலியின் ‘டி’ திருவிடைமருதூர், திரைப்படப் பாடகரின் ‘டி’ தென்கரை. ஊர்களை விரித்து எழுதாமல் அவர்களைப் பிரிக்க வழியில்லை. சங்கீத கலாநிதி, பண்டிட், உஸ்தாத் ஆகிய பட்டங்களை வரிசையில் கணக்கிடவில்லை. ஆனால் இந்துஸ்தானிப் பாடகர் குமார் கந்தர்வாவின் பெயர் பட்டமாக வந்து பெயராகவே ஆனதால் அதைத் தொடவில்லை.

அச்சகத்தில் தட்டச்சு செய்தவர் மராத்தியர். ‘த’வுக்கு நாம் டி-யோடு எச் சேர்த்து எழுதுவது அவர் கண்ணுக்குப் பிழையாகப் பட்டிருக்கிறது, முதல் மெய்ப்பில் வசந்தகுமாரியும் லலிதாங்கியும் எச் இல்லாமல் வந்தார்கள், பெயரின் பகுதி பெரிய எழுத்தில்தான் தொடங்க வேண்டும் என்று பீத்தோவனின் ‘வான்’ மீண்டும் பெரிதாகியிருந்தது. அடுத்த மெய்ப்போடு, எழுத்தின் அளவையும் கூட்டலையும் மாற்றக் கூடாது என்று ஒவ்வொரு பக்கத்தின் மேலும் சிவப்பு மையில் எழுதி, கோப்பைத் திருத்த முடியாத பிடிஎஃப் வடிவில் கொடுத்தேன். பட்டியல் அப்படியே அச்சேறியது.