கால் தானாக முன்னே போகும்

மேலூர்ப் பக்கம் ஒரு கிரானைட் குவாரியில் எட்டு வருடம் வயர் சா, அதாவது கம்பி ரம்பம், ஓட்டினேன். பாறையில் துளை போட்டு, வைர மணிகள் கோத்த கம்பியை உள்ளே விட்டு வளையமாகச் சேர்ப்போம். மிஷின் தண்டவாளத்தில் மெல்லப் பின்னால் நகர நகர, கம்பி கல்லை அறுத்துக்கொண்டு வரும். பக்கத்தில் ஆள் நிற்க வேண்டியதில்லை. நீளமான கேபிளில் தனியாக ஒரு பட்டன் பெட்டி இருக்கும்.

கம்பி நொடிக்குச் சுமார் 25 மீட்டர் ஓடும். மணிக்கு 90 கிலோமீட்டர். நாலுவழிச் சாலையில் மதுரைக்குப் பறக்கும் பஸ்ஸின் வேகம். அறுந்தால் கம்பி சாட்டையாக வீசும், மணிகள் தோட்டா மாதிரித் தெறிக்கும். கம்பி ஓடும் நேர்கோட்டில்தான் ஆபத்து அதிகம். அதனால் பெட்டியைத் தள்ளி, பக்கவாட்டில் வைப்போம்.

இவ்வளவும் தெரிந்தும் கால் முன்னே போகும். வெட்டுக்குத் தண்ணீர் சரியாகப் போகாவிட்டால் வெள்ளையாகத் தூசி கிளம்பும். போய்ப் பார்க்கத் தோன்றும். கையில் பட்டன் இருக்கிறதே என்ற தைரியம் வேறு. சிவப்புப் பட்டனை அமுக்கினால் கரண்ட் நிற்கும், ஆனால் பெரிய சக்கரம் கொஞ்சம் சுற்றிவிட்டுத்தான் நிற்கும். சுரங்கத்துக்குள் கல் அள்ளும் லோடர் வண்டியை ரிமோட்டில் ஓட்டியவர்களே தங்கள் வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கிய விபத்துகள் நடந்திருக்கின்றன. அவர்களும் சரியாகத் தெரியவில்லை என்றுதான் கிட்டே போயிருப்பார்கள்.

ஓர் ஆடி மாதம், காற்று வாரி அடித்த மத்தியானம். வெட்டு முடியும் தறுவாய். அப்போது வளையம் சுருங்கி, கம்பி குறுகலாக வளையும். அறுந்துபோக அதுதான் நேரம். மேஸ்திரி தூரத்திலிருந்து கத்தினார்: "ஏப்பா, எங்க நிக்கிற?"

"இங்கதாண்ணே, பெட்டிகிட்ட."

"பெட்டி எங்க இருக்கு, பாரு!"

குனிந்து பார்த்தேன். பெட்டியையே இழுத்துக்கொண்டு பத்தடிக்கு மேல் முன்னால் வந்திருந்தேன். கேபிள் விறைத்து நின்றது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பழைய இடத்துக்குப் போனேன்.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை, கம்பியின் ஜாயிண்ட் விட்டுப்போனது. நான் முன்னால் வந்து நின்றிருந்த இடத்தை ஒட்டி இருந்த தகர டிரம்மில், என் இடுப்பு உயரத்தில், ஓர் ஓட்டை. அதிலிருந்து தண்ணீர் கயிறுபோல் ஊற்றியது. விரலை வைத்து அடைத்தேன். விரல் நடுங்கிக்கொண்டே இருந்தது.

மறுநாள் கேபிளை ஓர் இரும்புக் கம்பத்தில் இறுக்கிக் கட்டினேன், பெட்டி அதற்கு மேல் ஓர் அடிகூட நகர முடியாதபடி. ஏதாவது பார்க்க வேண்டுமென்றால் மிஷினை நிறுத்தி, சக்கரம் நின்ற பிறகுதான் நடப்பேன். "அண்ணே, கேபிள் எட்ட மாட்டேங்குதே" என்று புதிதாக வரும் பையன்கள் அந்தக் கட்டை அவிழ்க்கப் போவார்கள். கூட்டிப் போய் டிரம்மைக் காட்டுவேன்.