எத்தனை பார் என்பது மூன்றாவது கேள்வி

கொழும்பு பழைய சோனகத் தெருவில் பிரெஷர் கேஜ் (அமுக்கமானி) கேட்டால் கவுண்டரில் இருந்து வரும் கேள்வி அநேகமாக இரண்டுதான்: "எத்தனை பார்? கால் இஞ்சியா, அரை இஞ்சியா?" பார் என்பது அமுக்கத்தின் அலகு, இஞ்சி என்பது பூட்டும் புரியின் அளவு. கடைக்காரரில் பிழையில்லை, அவ்வளவைத்தான் நாமும் எழுதிக்கொண்டு போகிறோம். ஆனால் தொழிற்சாலையில் கேஜ் சாவது அமுக்கம் கூடியதால் மட்டுமல்ல. உள்ளே போகும் பொருள், சூடு, துடிப்பு, அதிர்வு என்பவையே பெரும்பாலும் அதைத் தின்கின்றன. ஆகவே உள்ளே என்ன போகிறது, எவ்வளவு சூடு என்பதை முதலில் பாருங்கள். பார் கணக்கு அதற்குப் பிறகு.

கேஜுக்குள் இருப்பது வளைந்த, தட்டையான ஒரு குழாய். போர்டன் குழாய் என்பார்கள். அமுக்கம் ஏற அது நிமிரப் பார்க்கும், அந்தச் சிறு அசைவைப் பல்சக்கரம் பெருக்கி முள்ளைத் திருப்பும். மலிவான கேஜில் இந்தக் குழாய் செப்புக் கலவை, மூட்டு ஈயப்பற்று. தண்ணீர், காற்று, டீசலுக்கு அது போதும். அமோனியாவில் ஓடும் ஐஸ் பிளான்டிலும் குளிரறையிலும் அதைப் போடவே கூடாது, செப்புக் கலவை வெடிப்பு விடும். ரப்பர் பால் உறையாமலிருக்க அமோனியா சேர்ப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அங்கேயும் முழுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேண்டும். ரப்பர் பாலோ தேங்காய்ப் பாலோ குழாய்க்குள் போய்க் கட்டிபட்டால் முள் நின்ற இடத்திலேயே நிற்கும். இதற்கு டயஃப்ரம் சீல் (பொருளை உள்ளே விடாமல், அமுக்கத்தை மட்டும் ஒரு திரவம் வழியாகக் கடத்தும் மெல்லிய தகடு) வைத்த கேஜ் எடுங்கள், உணவென்றால் சீலுக்குள் இருக்கும் திரவமும் உணவுத் தரமாக இருக்கட்டும். சீலும் கேஜும் ஒரே உடம்பு. துப்புரவு செய்கிறோம் என்று இரண்டையும் பிரித்தால் உள்ளிருக்கும் திரவம் போய், கேஜும் போய்விடும்.

ஒட்சிசன் லைன் தனிக் கதை. எண்ணெய் ஒரு துளி இருந்தாலும் தீப்பிடிக்கும். எண்ணெய் வைத்துச் சோதித்த கேஜையோ கிளிசரின் நிரப்பிய கேஜையோ அங்கே கொண்டுபோக வேண்டாம்.

அடுத்தது சூடு. ஈயப்பற்று வைத்த கேஜ் சுமார் 60 பாகை செல்சியசுக்கு மேல் தாங்காது. 7 பாரில் ஓடும் பொய்லரின் நீராவியோ 170 பாகை. அதனால்தான் இடையில் பன்றிவால் போல் சுருண்ட சைஃபன் குழாய்: அதில் தங்கும் தண்ணீர் நீராவியைக் குழாய்க்குள் விடாது. புதிதாகப் பூட்டும்போது வால்வைத் திறக்க முன்னரே சைஃபனில் தண்ணீர் ஊற்றி நிரப்ப வேண்டும். வெறும் சைஃபனோடு திறந்தால் முதல் நிமிடத்திலேயே கேஜ் வெந்துவிடும்.

இப்போது பார். அமுக்கம் ஒரே சீராக நின்றால் அளவுகோலில் முக்கால் பங்குக்குள்ளும், ஏறி இறங்கினால் மூன்றில் இரண்டுக்குள்ளும் வேலை அமுக்கம் இருக்கட்டும். 10 பாரில் ஓடும் லைனுக்கு 16 பார் கேஜ் சரி. "பாதுகாப்புக்கு" என்று 40 பார் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. முகப்பில் 1.6 என்று எழுதியிருக்கும் துல்லிய வகுப்பு, வரக்கூடிய பிழையை முழு அளவின் நூற்றுவீதமாகச் சொல்வது. 16 பாரில் அது கூடக்குறைய 0.26 பார், 40 பாரில் 0.64 பார். 2 பாரைப் பார்க்க அந்த 40 பார் கேஜை வைப்பது கல் எடை போடும் தராசில் பவுண் நிறுப்பது போல.

கிளிசரின் நிரப்பிய கேஜ் எல்லாவற்றையும் தாங்கும் என்ற நம்பிக்கை இங்கே கூடுதல். கிளிசரின் முள்ளின் நடுக்கத்தை அடக்கும், பல்சக்கரத் தேய்மானத்தைக் குறைக்கும். பிஸ்டன் பம்பு அடிக்கும் ஒவ்வொரு அடியும் போர்டன் குழாயில் விழுவதை அது தடுக்காது. அதற்கு நுழைவாயிலில் சின்னத் துளையுள்ள தடுப்புத் திருகோ ஸ்னப்பரோ (துடிப்பை அடக்கும் சிறு துண்டு) வேண்டும். மேலே இருக்கும் ரப்பர் மூடியையும் பூட்டிய பிறகு, தயாரிப்பாளர் சொன்னபடி, திறந்துவிட வேண்டும். திறக்காவிட்டால், கொழும்பு வெயிலில் மொட்டைமாடி பம்பு அறையில் கேஜின் பெட்டிக்குள் இருக்கும் காற்று விரிந்து அமுக்கம் ஏறும், கேஜ் குறைத்துக் காட்டும். 4 பார் போன்ற சிறிய கேஜில் இது நன்றாகவே தெரியும்.

அதிர்வுக்குப் பயந்து கேஜைக் கீழே இறக்கி வைத்தால் இடையிலுள்ள தண்ணீரின் பாரமும் சேரும். 5 மீற்றருக்குக் கிட்டத்தட்ட அரை பார், அதைக் கழித்துப் படியுங்கள்.

கேஜைப் பூட்டும் புரியில் பிரித்தானிய முறை பிஎஸ்பி, அமெரிக்க முறை என்பிடி. அரை இஞ்சி பிஎஸ்பிக்கும் என்பிடிக்கும் இஞ்சிக்கு 14 புரிதான், கோணம்தான் வேறு: 55 பாகை, 60 பாகை. ஒன்றில் மற்றது இரண்டு மூன்று சுற்றுப் போய் இறுகும். டேப் சுற்றி இன்னும் இறுக்கினால் ஒழுகும், அல்லது புரி நாசமாகும். நேர்ப் புரி பிஎஸ்பி அடியில் வைக்கும் செப்பு வாஷரில்தான் அடைபடுகிறது, டேப்பில் அல்ல. இறுக்கும்போது ஸ்பானரைச் சதுரத் தண்டில் போடுங்கள். பெட்டியைப் பிடித்துத் திருகினால் உள்ளே குழாய் முறுகி, பூச்சியம் நகரும்.

கேஜுக்கு முன்னால் காற்றுக்குத் திறக்கும் துளையுள்ள ஒரு கொக் (திருகி மூடும் சிறு வால்வு) போட்டுவிடுங்கள். அமுக்கத்தை வெளியே விட்டால் முள் பூச்சியத்துக்கு வர வேண்டும். பூச்சியத்தில் தடுப்பு ஊசி உள்ள கேஜ் இதில் ஏமாற்றும்: முள் பூச்சியத்துக்குக் கீழே போக வேண்டியதாக இருந்தாலும் ஊசியில் சாய்ந்து சரியாக இருப்பதுபோல நிற்கும். தடுப்பு ஊசி இல்லாத கேஜ் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.