அம்மா நிறுத்திய பேனா

"பொதுவாக உங்கள் உடல்நலம் எப்படி?"

மருத்துவமனைப் படிவத்தில் கடைசிக் கேள்வி. அதற்கு மேலே அம்மாவுக்காகச் சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு, மூட்டுத் தேய்மானம் என்று வரிசையாக டிக் அடித்திருந்தேன். பேனா தானாகவே 'சுமார்' பக்கம் போனது.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நன்றுன்னு போடு. எனக்கென்ன குறை?"

போட்டேன். ஆனாலும் மனசு கேட்காமல் வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன்.

கனடாவின் மனிடோபா முதியவர்களைப் பற்றி 1982இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. பதிவான நோய்களைக் கணக்கில் எடுத்த பிறகும், தன் உடல்நலம் மோசம் என்றவர்களிடம் இறப்பு அதிகம். 1997இல் இப்படி 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் பெரும்பாலும் இதேதான்.

ரத்தப் பரிசோதனை பெரும்பாலும் அன்றைய எண்ணைத்தான் சொல்கிறது. படி ஏறும்போது மூச்சு வாங்குகிறதா, போன வருடத்துக்கு இப்போது எப்படி என்பதெல்லாம் உடம்புக்குச் சொந்தக்காரருக்குத்தான் தெரியும்.

அதற்காக மாத்திரையை விட முடியாது. ரத்த அழுத்தம் ஏறுவது பல நேரம் நமக்கே தெரியாது.

"ரிப்போர்ட் நார்மல்தானே, அப்புறம் என்ன?" என்று ஆறு மாதமாக அக்காவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்று இரவு போன் செய்து, அவளுக்கு என்ன செய்கிறது என்று முழுதாகக் கேட்க வேண்டும்.