விசாகப்பட்டினத்தில் எஞ்சின் மாற்றுவார்கள்

மகளைக் காரக்பூர் ஐ.ஐ.டி.யில் சேர்த்துவிட்டு வந்து ஒரு வாரமாகிறது. பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்: "ரொம்ப அழுதீங்களா?" "ஆமா" என்று சொல்லி முடித்துவிடுகிறேன். முழுசாகச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது.

சென்னை சென்ட்ரலில் கோரமண்டல் ஏறினோம். 1,500 கி.மீ.க்கு மேல், ஒரு பகல், ஒரு இரவு. அவருக்கு லீவு கிடைக்கவில்லை, நாங்கள் இருவர்தான். சைடு லோயரில் எதிரெதிராக உட்கார்ந்துகொண்டோம். வண்டி போகிற திசையைப் பார்த்த பக்கம் அவளுக்கு. கடந்து போன ஊர்களெல்லாம் எனக்கு. ராஜமுந்திரியில் கோதாவரிப் பாலம் வந்ததும் "பாருடி" என்றேன். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமலே பார்த்தாள். பாலத்தின் நிழல்கள் அவள் முகத்தில் விழுந்து விழுந்து ஓடின. முடியவே முடியாத பாலம் அது. ஆற்றை நான் எங்கே பார்த்தேன்!

விசாகப்பட்டினத்தில் எஞ்சினைக் கழற்றி வண்டியின் மறுமுனையில் மாட்டுகிறார்கள். வந்த வழியிலேயே கொஞ்ச தூரம் திரும்பிப் போய்த்தான் வடக்கே பிரிய வேண்டும். வண்டி நகர்ந்ததும் அவளுக்குச் சிரிப்பு.

"அம்மா, இப்போ நீதான் முன்னாடி பார்த்துட்டுப் போறே!"

சுருக்கென்றது. எனக்கும் 17 வயதில் வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்தது. "பொம்பளப் பிள்ளைய அவ்வளவு தூரம் அனுப்பிட்டு யார் தூங்கறது?" என்றார் அப்பா. அவ்வளவு தூரம் என்பது பஸ்ஸில் நாலு மணி நேரம். மகள் மேல் பெர்த்தில் தூங்க, கீழே விழித்துக் கிடந்த எனக்கு வருத்தம் மட்டும் இல்லை, பொறாமையும் இருந்தது. பெற்ற மகள் மேலேயா என்றால், ஆமாம். அப்பா சொன்னதும் பொய்யில்லை, தூக்கம் வரவில்லை.

காலையில் பாலசோருக்கு முன்னால் ஒரு சின்ன ஸ்டேஷன் கடந்தது. பாகாநாகா பஜார். 2023 ஜூன் 2-ஆம் தேதி இதே கோரமண்டல் விபத்துக்குள்ளான இடம். அவளுக்கும் தெரியும். பெயர்ப்பலகையைப் பார்க்காதது மாதிரி இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

காரக்பூர் நடைமேடை 1,072 மீட்டர். ஒரு காலத்தில் உலகிலேயே நீளமானது. பிறகு கோரக்பூரும் ஹுப்பள்ளியும் முந்திவிட்டன. பெட்டியின் ஒரு சக்கரம் உடைந்தபின் அதை இழுத்து நடந்தவள் சொல்கிறேன், சாதனை இன்னும் காரக்பூரிடம்தான்.

சர்டிபிகேட் வரிசையில் அவள் நிற்க, நான் பழைய கட்டடத்தைப் பார்க்கப் போனேன். 1951-ல் ஐ.ஐ.டி. தொடங்கியது அங்கேதான். முன்பு அது ஹிஜ்லி தடுப்புக்காவல் முகாம். 1931 செப்டம்பர் 16 அன்று போலீஸ் சுட்டதில் சந்தோஷ் குமார் மித்ரா, தாரகேஸ்வர் சென்குப்தா என்ற இரண்டு கைதிகள் செத்துப்போனார்கள். அவர்களைப் பெற்றவர்களை நினைத்துக்கொண்டே திரும்பி வந்தால், இவள் யாரோ ஒரு பெண்ணிடம் சைக்கிள் எங்கே வாங்குவது என்று இந்தியில் விசாரித்துக்கொண்டிருந்தாள். இவளுக்கு இவ்வளவு இந்தி வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

ஹாஸ்டலை அங்கே ஹால் என்கிறார்கள். அறையில் விரிப்பை எடுத்துப் போடப் போனேன். "நான் பார்த்துக்கறேன்மா" என்று வாங்கிக்கொண்டாள். மூன்று முனைகள் செருகிவிட்டாள். நாலாவது எட்டவில்லை. விரிப்பைக் குறுக்காகப் போட்டிருந்தாள். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். நான் செய்த பெரிய காரியம் அதுதான்.

திரும்பும்போது விடியலுக்கு முன்னால் விசாகப்பட்டினம். எஞ்சின் மாட்டுகிற குலுக்கல். போன் ஒளிர்ந்தது.

"எஞ்சின் மாத்திட்டாங்களா?"

"மாத்தியாச்சு. நீ இன்னும் தூங்கலயா?"

பதில் வரக் கொஞ்ச நேரமானது.

"நீ?"